குதிரைகளை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டி: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

மன்னார்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், இரண்டு குதிரைகள் நிற்கும் அளவில் செய்து வாங்கிய, மோட்டார் வாகனத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் இழுவை வண்டியை (டிரெய்லர்)ப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர் ரேக்ளா பந்தயத்துக்கும், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் எங்கள் குதிரைகள் இதில்தான் போய் வருகின்றன. முன்பு வாடகை லோடு வண்டியில் ஏற்றுவதற்கு வாய்க்கால் கரையாகவோ மேட்டுத் திடலாகவோ ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. இழுவை வண்டியின் தளம் முழங்கால் உயரத்தில் இருப்பதால், சாய்பலகையில் குதிரை தானே நடந்து ஏறிவிடுகிறது. இதன் முதல் நன்மை இதுதான்.

அதிகக் கவலை தருவதும் இந்தத் தளமே. பலகைமேல் ரப்பர் பாய் விரித்திருந்தாலும் ஓரங்களின் வழியே மூத்திரம் கீழே இறங்கித் தங்கிவிடுகிறது. டெல்டாவின் ஈரக்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், அது காய்வதே இல்லை. அதனால் மாதந்தோறும் பாயை முழுவதும் தூக்கிப் பலகைகளைத் திருப்புளியால் குத்திப் பார்க்கிறோம். ஒருமுறை பின்னங்கால்கள் நிற்கும் இடத்தில், மேலே பார்க்க வழவழவென்று உறுதியாகத் தெரிந்த பலகையில், திருப்புளி முனை அரை அங்குலம் அழுந்தி இறங்கியது. வெளியே எடுத்தபோது கறுத்த ஈரத்தூள் ஒட்டியிருந்தது, அமோனியா நெடி மூக்கில் ஏறியது. ஓடும் வண்டியில் பலகை உடைந்து கால் கீழே இறங்கினால் அந்தக் குதிரையைக் காப்பாற்றுவது அரிது. இரும்பிலோ அலுமினியத்திலோ தளம் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். மூத்திரம் அவற்றையும் அரிக்கும் என்பதால் பாயைத் தூக்கிப் பார்க்கும் வேலை அப்போதும் இருக்கும்.

இழுக்கும் வாகனத்தின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டின் அளவை யாரும் பொருட்படுத்துவதில்லை; இழுவை வண்டியின் முன்முனையில் உள்ள கிண்ணம் இதன்மேல்தான் பூட்டப்படுகிறது. சந்தையில் 50 மில்லிமீட்டர் குண்டும் இரண்டு அங்குலக் குண்டும் கிடைக்கின்றன. இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர், வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பெரிய குண்டுக்கான கிண்ணத்தைச் சிறிய குண்டின்மேல் பூட்டினால் பூட்டியது போலவே இருக்கும், ஆனால் வேகத்தடையில் குதிக்கும்போது கழன்றுகொள்ள வாய்ப்புண்டு. குண்டின்மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் இணைப்புக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். டயரிலும் இப்படித்தான் ஏமாறுகிறோம். பெரும்பாலான நாள் கொட்டகையில் நிற்கும் வண்டி என்பதால் தரையில் பதியும் பட்டன் தேயாமலே ரப்பர் வெடித்துப் போகிறது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் 2319 என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர்.

ஒரே குதிரையை ஏற்றினால் வலப்புற அறையில் நிறுத்துகிறோம். நாம் இடப்புறம் ஓட்டுகிறோம், சாலையும் இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கிறது. அந்த ஓரத்தை ஒட்டியே இங்கு வாய்க்காலும் ஓடுகிறது. பாரம் இடப்புறம் இருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.

வண்டியைவிட ஓட்டுநர் முக்கியம் என்பதே என் உறுதியான கருத்து. குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு முன்னங்கால்களில் இருப்பதால், திடீரென்று பிரேக் அடித்தால் அது முன்னால் சாய்ந்து நெஞ்சுத் தடுப்பில் மோதுகிறது. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மறுபாதியில் அறுவடை இயந்திரம் எதிரே வரும். எங்கே நிறுத்த நேரிடும் என்று முன்கூட்டியே பார்த்து ஓட்டுபவர் வேண்டும். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் குதிரை ஏற்றிய வாகனத்துக்கு மணிக்கு 35 கிலோமீட்டர் என்று வரம்பு விதித்திருக்கின்றன. பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவர் சான்றும் உடன் இருக்க வேண்டும். பின்னால் வரும் பேருந்துகள் எவ்வளவு ஒலி எழுப்பினாலும் நாங்கள் அந்த வேகத்தைத் தாண்டுவதில்லை.

நெடும்பயணத்தில் குதிரையின் நுரையீரலைத்தான் காக்க வேண்டும். தலையை உயர்த்திக் கட்டியபடி பல மணி நேரம் நின்றால் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேற வழியில்லாமல் கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிடும். திருச்சி, கரூர் வழியாக அந்தியூர் போகும்போது மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையை நன்றாகத் தாழ்த்திச் செருமவும் தும்மவும் விடுகிறோம். புல்லை நனைத்தே வைக்கிறோம். கூரைத் துவாரங்களை மழைக்காகவும் முழுவதும் மூடுவதில்லை. ஊர் சேர்ந்த பிறகு மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பார்க்கிறோம், குதிரைக்கு 37.5 முதல் 38.5 செல்சியஸ் வரை இயல்பு. அதைத் தாண்டினாலோ தீனியை ஒதுக்கினாலோ மருத்துவரை அழைத்துவிடுகிறோம்.

இறக்கும்போது வரிசை மாறவே கூடாது. தலைக்கயிற்றை அவிழ்க்காமல் பின்தடுப்பை எடுத்தால் குதிரை பின்வாங்கும், கயிறு இழுத்துப் பிடிக்கும், மிரண்டு துள்ளித் தலையைக் கூரையில் அடித்துக்கொள்ளும். எனவே பின்னால் நிற்பவர் “கயிறு அவுத்தாச்சாண்ணே?” என்று கேட்டு, முன்னால் இருப்பவர் “ஆச்சு தம்பி” என்று சொன்ன பிறகே தடுப்பில் கை வைக்கிறார். ஏற்றும்போது இதற்கு நேர்மாறாக, முதலில் பின்தடுப்பு, பிறகு கயிறு.

அடுத்த வண்டி செய்தால் இரண்டு மாற்றங்களைக் கேட்பேன்: குதிரையின் தலைப்பக்கத்தில் ஆள் வெளியேற ஒரு சிறு கதவு, சித்திரை வெயிலில் தகரம் கொதிக்காமலிருக்கக் கூரைக்கு உள்ளே இரண்டாவது அடுக்கு. இவை இல்லாத வண்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், புதிதாக வாங்குவோருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.