டயரை விற்பதற்கு முன் சில்லை அளந்த கடை

மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடி பிரதான வீதியில் ஆரையம்பதியை நோக்கிப் போகும்போது இடப்பக்கத்தில் இருக்கும் சிறிய டயர் கடை ஒன்றைப் பற்றியது இந்தக் குறிப்பு. என்னிடம் இருப்பது 150 சீசீ மோட்டார் சைக்கிள். கல்லடியிலிருந்து மண்முனைப் பாலம் வழியாகக் கொக்கட்டிச்சோலைக்கு நாளாந்தம் போய்வரும் வண்டி அது. போக வர ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கம்பனி பொருத்தி வந்த பின் டயர் 21,000 கிலோமீற்றர் ஓடியது. அதற்குப் பதிலாக நகரில் வேறொரு கடையில் 12,500 ரூபா கொடுத்து வாங்கிய டயரோ 9,000 கிலோமீற்றரில் இடப்பக்கம் வழுக்கையாகி, நடுவும் தட்டையாகி, மழை தூறும் காலையில் பாலத்து வளைவில் பின்பக்கம் மெல்ல இழுக்கத் தொடங்கியது. டயர் தரமற்றது என்று முடிவு கட்டிக்கொண்டு, இம்முறை விலை கூடிய ஒன்றைப் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்கார நானா விலை சொல்லவில்லை. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சில்லைக் கையால் சுற்றிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “புது டயர் போட்டாலும் ஆறு மாசத்துல இப்படித்தான் தேயும் சேர். முதல்ல சில்லு நேரா நிக்குதா பாப்பம்” என்றார்.

அவர் பார்த்த முறை எளியது. நீளமான நேர்ச் சட்டம் ஒன்றைப் பின் டயரின் பக்கச்சுவரோடு அணைத்து முன் டயர் வரை நீட்டினார். பின்பு மறுபக்கத்திலும் அப்படியே செய்தார். என் வண்டியின் பின் டயர் 100 மில்லிமீற்றர் அகலமும் முன் டயர் 80 மில்லிமீற்றர் அகலமும் கொண்டவை என்பதால், இரண்டு சில்லுகளும் ஒரே நேர்கோட்டில் நின்றால் முன் டயருக்கும் சட்டத்துக்கும் இடையில் இரு பக்கமும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். இருந்ததோ ஒரு பக்கம் 14, மறுபக்கம் 6. செயினை இறுக்கும் போதெல்லாம் இரு பக்கத்து நட்டுகளையும் ஒரே அளவில் திருப்பாமல் விட்டதால் அச்சு சரிந்து, சில்லு சற்றுக் கோணலாகவே இத்தனை காலம் ஓடியிருக்கிறது. செயின் பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்ததையும் காட்டினார். பின்சில்லைத் தாங்கும் கையான சுவிங் ஆர்மில் பொறித்திருக்கும் கோடுகளை மட்டும் நம்பக் கூடாது என்று சொல்லி, ஆர்மின் சுழல் முனையிலிருந்து பின் அச்சின் நடுவரை இரு பக்கமும் அளவு நாடாவால் அளந்த பிறகே நட்டை இறுக்கினார்.

நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்ததற்கு வேறு காரணம். நம்முடைய கரையோர வீதிகளில் வளைவுகள் குறைவு. நேராகவே ஓடும் வண்டிக்கு டயரின் நடு மட்டுமே தரையில் படும். அதோடு காற்றும் அளவுக்கு மிஞ்சி இருந்தது. என் வண்டியின் கைநூல் முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியே ஓடும்போது 28, இருவர் ஏறினால் 32 பீஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்கிறது. அவருடைய மானியில் பின் டயர் 41 காட்டியது. எரிபொருள் நிலையத்துக் காற்று மானியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய குற்றம் என்னுடையதுதான்.

இனி விலை. 100/90-17 அளவில் டியூப் இல்லாத டயருக்கு 15,200 ரூபா, கழற்றிப் பூட்ட 700, புது வால்வு 300, நேர்கோடு பார்த்துச் செயின் சரிசெய்ய 800, ஆக மொத்தம் 17,000 ரூபா. முந்திய டயரை விட விலை கூடத்தான். ஆனால் 12,500 ரூபா டயர் 9,000 கிலோமீற்றரில் முடிந்ததால் கிலோமீற்றருக்கு 1.39 ரூபா தின்றிருக்கிறது. இந்த 15,200 ரூபா டயர் 20,000 கிலோமீற்றர் ஓடினாலே அது 76 சதம்தான். பணம் கொடுக்குமுன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களை நானே பார்க்கும்படி காட்டினார். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். பழைய டயரில் 3519 என்றிருந்தது. அதாவது 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயரை 2024இல் புதிது என்று எனக்கு விற்றிருக்கிறார்கள். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்தே மீண்டும் தொடங்கியதால், பழைய வண்டியைத்தான் பேணி ஓட்ட வேண்டும் என்ற நிலையில் இருந்த எங்களிடம் இப்படிக் கிடப்புச் சரக்கைத் தள்ளிவிடுவது எளிதாகவே இருந்திருக்கும்.

குறைகளும் உண்டு. சில்லைச் சமநிலைப்படுத்தும் இயந்திரம் இல்லை. அச்சில் ஏற்றிச் சுழலவிட்டுக் கனமான பக்கத்தைக் கண்டுபிடித்து எடை ஒட்டுகிறார்கள். எங்கள் வேகத்துக்கு அது போதுமென்றே படுகிறது. டயரை நெம்புகோலால் கழற்றியபோது அலோய் ரிம்மில் இரண்டு கீறல் விழுந்தன. துணி வைத்து நெம்பும்படி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். உட்கார ஒரு வாங்கு மட்டும், காத்திருந்தது இரண்டு மணித்தியாலம், வெள்ளி நண்பகலில் ஜும்ஆவுக்காகக் கடை பூட்டியிருக்கும். எனக்கு உறுத்தியது வேறொன்று: கடையின் பின்புறம் கழித்த டயர்கள் கூரையின்றி அடுக்கிக் கிடக்கின்றன. மாரி தொடங்கினால் ஒவ்வொன்றும் டெங்கு நுளம்பின் தொட்டிலாகும். சொன்னேன், படங்கு போட்டு மூடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது 2,400 கிலோமீற்றர் ஓடியாகிவிட்டது. போன வாரம் அவரிடமே மறுபடியும் சட்டம் வைத்துப் பார்த்ததில் இடைவெளி இரு பக்கமும் 10 மில்லிமீற்றராகவே நிற்கிறது, டயரின் பூவும் (தரையில் படும் வரிகள்) ஒருபக்கத் தேய்வின்றிச் சீராக இருக்கிறது. அதற்குக் காசு வாங்கவில்லை. முன் டயரையும் மாற்றிவிடவா என்று கேட்டேன். டயரின் பள்ளத்துக்குள் தேய்வின் எல்லையைக் காட்டும் மேட்டுக்கு மேலே இன்னும் தாராளமாகப் பூ இருக்கிறது, மாரி முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே அந்தச் செலவு தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.