இந்தியாவுக்கு மிளகு: இருதரப்பு ஒப்பந்தமா, சாஃப்டாவா?

இலங்கையின் மாத்தளை மிளகை இந்தியாவுக்கு அனுப்பும் எங்களைப் போன்ற சிறு ஏற்றுமதியாளர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 2000 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த இந்திய – இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். மற்றது, 2004இல் இஸ்லாமாபாத்தில் கைச்சாத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்த தெற்காசிய ஒப்பந்தமான சாஃப்டா. சலுகை இல்லாவிட்டால் இந்தியச் சுங்கத் தீர்வை 70 சதவீதம் என்பதால், இவற்றில் ஒன்றன் கீழ், பொருள் இலங்கையில் விளைந்தது என்று காட்டும் உற்பத்தி மூலச் சான்றிதழைப் பெற்றே ஆக வேண்டும்.

இருதரப்பு ஒப்பந்தத்தில் தீர்வை இல்லை. சாஃப்டாவில் 8 சதவீதம். சான்றிதழை இரண்டுக்குமே வர்த்தகத் திணைக்களம்தான் வழங்குகிறது. மிளகு முழுவதும் இங்கேயே விளைவதால், பொருளின் மதிப்பில் எவ்வளவு இங்கே சேர்ந்தது என்று காட்டும் பெறுமதி சேர்ப்புக் கணக்கும் எழுவதில்லை.

இருந்தும் நாங்கள் பெரும்பாலும் சாஃப்டாவையே நாடுகிறோம். காரணம் கோட்டா. இருதரப்பு ஒப்பந்தத்தின் தீர்வையற்ற சலுகை ஆண்டுக்கு 2,500 மெற்றிக் தொன்னுக்கு மட்டுமே, அதுவும் நாட்டின் எல்லா ஏற்றுமதியாளருக்கும் சேர்த்து. கிலோ 600 இந்திய ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சாஃப்டாவில் தீர்வை 48 ரூபாய். சலுகையே கிடைக்காமல் போனால் 420 ரூபாய். முன்கூட்டியே தெரிந்த 48 ரூபாயை விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டா தீருமா, எஞ்சுமா என்ற ஐயத்தோடு விலை பேசினால், சிறு வியாபாரியின் ஓராண்டு உழைப்பே ஒரு கொள்கலனில் கரைந்துவிடக்கூடும்.

சாஃப்டாவின் பின்னால் உள்ள தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கின் உச்சிமாநாடு 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு கூடவில்லை என்பதும், 2019இல் இந்திய – பாகிஸ்தான் வர்த்தகம் முறிந்ததும் உண்மையே. ஆனால் நமக்குக் கிடைத்த தீர்வைக் குறைப்பை அந்த முடக்கம் பறித்துவிடவில்லை. புதிய சலுகைகளை எதிர்பார்ப்பவர்களுக்கே அது பெரும் குறை.

வியட்நாம் மிளகு இலங்கை வழியாக நுழைகிறது என்று இந்திய விவசாயிகள் முறையிட்டு வந்த நிலையில், 2020 செப்டம்பர் முதல் பொருளின் மூலத்துக்கான விவரங்களை இறக்குமதியாளரும் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியா விதித்தது. ஆகவே எந்த ஒப்பந்தமானாலும் கிராமம், எடை, திகதி குறித்த கொள்வனவுச் சிட்டைகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

தேயிலைக்கும் ஆடைக்கும் இதே முடிவு பொருந்துமா என்பதை, மிளகை மட்டுமே கையாண்ட அனுபவத்தை வைத்து அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மிளகில், கோட்டா எஞ்சியிருப்பதைச் சரக்கு ஏற்றுமுன் எழுத்தில் உறுதிசெய்ய முடிந்தால் மட்டுமே இருதரப்பு ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுப்பேன்.