படுவான்கரை வளவுக்குச் சாண வாயுத் தொட்டி: யாருக்குச் சரிவரும், எங்கே கசியும்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், மாடும் மேட்டு வளவும் உள்ள வீடுகளுக்கு, சாணியிலிருந்து அடுப்புக்கு வாயு எடுக்க நிலத்துக்குள் செங்கல் குவிமாடமாகக் கட்டும் 8 கன மீட்டர் தொட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரை மணலில், கல்லடி, காத்தான்குடிப் பக்கம் வேண்டாம். அங்கே நிலத்தடி நீர் மேலாகவே கிடக்கிறது. மாரியில் குழி ஊறும், நிரம்பாத தொட்டியை நீர் மேலே தூக்கிவிடும்.

நாளொன்றுக்கு 40 கிலோ பச்சைச் சாணியும் 40 லீற்றர் தண்ணீரும் கரைத்து ஊற்ற வேண்டும். கட்டிப்போட்டு வளர்க்கும் கறவை மாடு நான்கு போதும். பகலில் மேயப் போகிற மாடென்றால் இரவுச் சாணி மட்டுந்தான் சேரும், குறைந்தது எட்டு மாடு வேண்டும். கிலோவுக்கு 40 லீற்றர் வாயு என்று பார்த்தால் நாளுக்கு 1.6 கன மீட்டர்; அடுப்பின் ஒரு வாய் நாலு மணித்தியாலம் எரியும். ஏறத்தாழ 18 நாளில் சேரும் வாயு, ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டரின் வேலையைச் செய்துவிடும். பெரும்போகம் (மாரிக்கால நெற்செய்கை) தொடங்கியதும் மாடு முழுவதையும் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துவிடுகிறவர்கள் இதில் பணம் போட வேண்டாம். அந்த மாதங்களில் தொட்டி பட்டினி கிடக்கும்.

சூழலை நினைத்து வாங்குகிறவர்கள், கசியும் வாயு பற்றி அமெரிக்காவில் நடக்கும் வாதத்தைக் கொஞ்சம் கேட்க வேண்டும். உலகச் சந்தைக்கு அதிகம் சமையல் காஸ் அனுப்புவது அந்த நாடு. ஆழத்துப் பாறைக்குள் தண்ணீரும் மணலும் இரசாயனமும் உயர் அழுத்தத்தில் செலுத்தி, பாறையை உடைத்து வாயு எடுக்கும் பிராக்கிங் முறையால் வந்த பெருக்கம் அது. ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு: மின்சாரம் எடுக்க இயற்கை வாயுவை எரித்தால், நிலக்கரியில் வருவதில் பாதியளவு கரியமில வாயுதான் வரும், சூரியனும் காற்றும் முழுதாகக் கைகொடுக்கும் வரை இடைக்காலத்துக்கு அது போதும் என்கிறார்கள். இயற்கை வாயுவில் பெரும்பங்கு மீத்தேன்; எரியாமல் தப்பும் அந்த மீத்தேன்தான் கணக்கைக் கெடுக்கிறது. 20 ஆண்டுக்குள் பார்த்தால், அதே எடைக் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடாக்கும். அமெரிக்க எண்ணெய், வாயுத் துறையில் 2015 இல் உற்பத்தியின் 2.3 விழுக்காடு கசிந்தது என்று 2018 இல் வந்த ஆய்வு கணித்தது. அந்தச் சிறு கசிவே, 20 ஆண்டில், மிச்ச வாயு முழுவதையும் எரிப்பதால் வரும் கேட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். பிரான்ஸ் 2011 இலேயே பிராக்கிங்கைத் தடைசெய்தது.

சாண வாயுவிலும் ஏறத்தாழ 60 விழுக்காடு அதே மீத்தேன்தான். இன்னொன்றும் உண்டு: வெயிலில் காயும் சாணி மிகக் கொஞ்சம் மீத்தேனே விடும். காற்றுப் புகாத தொட்டியில் போட்ட பிறகுதான் அது பெருமளவில் மீத்தேனாகிறது. ஆகவே கசியும் தொட்டி, முன்பு இல்லாத கேட்டைப் புதிதாக உண்டாக்குகிறது.

கசிவு முதலில் வருவது குவிமாட உச்சியில். வாவி மணலில் உப்பு இருக்கும். பூச்சுக்குக் கழுவிய ஆற்று மணல்தான் வேண்டும். உட்பூச்சை ஒரே தடிப்பாக அப்பாமல் மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். மேலே போடும் மண் குறைந்தால் உள்ளழுத்தம் செங்கல்லை விரிக்கும். அடுத்தது குழாய்ப் பொருத்துகள்: சவர்க்கார நுரையைத் தடவுங்கள், குமிழி ஊதினால் அந்த இடந்தான். மூன்றாவதை யாரும் கசிவென்று எண்ணுவதில்லை. கதிர்காம யாத்திரைக்கு வீட்டார் எல்லாரும் நடந்து போய்விட்டால், சேரும் வாயு கரைசலைத் தள்ளிக்கொண்டு வெளிவாயால் குமிழியாகப் போய்விடும். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து எரிக்கச் சொல்லுங்கள். தேவைக்கு மேற்பட்ட பெரிய தொட்டி கட்டாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

முதல் இரண்டு மூன்று கிழமை வருவது பெரும்பாலும் கரியமில வாயு, தீப்பிடிக்காது. காற்றும் கலந்திருக்கும் என்பதால், நெருப்பில்லாத இடத்தில் முதல் நிரப்பைத் திறந்து விட்டுவிட வேண்டும். சிலிண்டருக்குரிய அடுப்பை அப்படியே மாட்டினால் சுடர் ஏறாது: இந்த வாயுவுக்குக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம்தான், துளை பெரிதாக இருக்க வேண்டும். சுடர் துடித்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது. தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாய் வையுங்கள். கூமுட்டை நாற்றத்துக்குத் துருப்பிடித்த இரும்புச் சீவலை ஒரு சாடியில் அடைத்து வாயுவை அதன் வழியே விட்டால் போதும்.

மேசனுக்குக் கடைசிப் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. சாணி போடுவதற்கு முன்பே தொட்டியில் தண்ணீர் விட்டு, உள்வாய், வெளிவாய் இரண்டும் தண்ணீரில் மூழ்கிய பிறகு மேலும் ஊற்றி உள்ளே அழுத்தம் ஏற்றுங்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைப்பை U வடிவில் வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் விட்டு, வாயுக் குழாயில் மாட்டி அழுத்தத்தை அளக்கலாம். பைப்பின் இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே 100 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்ததும் குறியிட்டு 24 மணித்தியாலம் விடுங்கள். அந்த வித்தியாசம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீரை இறைத்து, பூச்சைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.