சுங்கை சிப்புட்டில் கணக்கு வேலைப் பயிற்சி: சேரலாமா?

எஸ்பிஎம்மில் கணக்கியல் எடுத்துவிட்டு, ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகாமல் வீட்டிலிருந்தபடியே இந்தத் தொழிலுக்குள் நுழைய முடியுமா என்று கேட்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். முடியும். டவுனில் கடைவீட்டு மாடியில் இருக்கும் ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் பயிற்சியில் சேர்ந்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

வந்த உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கவில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு மளிகைக் கடையின் ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையோடு மேசையில் கொட்டி, தேதிவாரியாகப் பிரி, சப்ளையர் பில் தனி, மின்சாரம் தனி, லாரி டீசல் தனி என்று சொல்லிவிட்டு சீனியர் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நடுவில் கடைக்காரர் வீட்டுக்கு மீன் வாங்கிய ரசீது ஒன்று. அது கடைச் செலவு இல்லை, முதலாளி சொந்தத்துக்கு எடுத்தது, கணக்கில் அதற்கு எடுப்பு என்று பெயர். பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம்தான், ஆனால் அந்த ரசீதைக் கையில் பிடித்தபோதுதான் மண்டையில் ஏறியது. பெட்ரோல் நிலைய ரசீதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அதனால் வந்த அன்றே நகல் எடுக்க வேண்டும், வரிச் சட்டப்படி ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டுமே! இதெல்லாம் எந்தப் பாடநூலிலும் நான் பார்க்காதது.

அடுத்தது வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது. ஐம்பது சென் இடித்தாலும் அக்கா விடமாட்டார், ஏனென்றால் இரண்டு பெரிய தவறுகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஐம்பது சென்னாக நிற்கலாம். வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் தேடச் சொன்னார்: 630ஐ 360 என்று அடித்தால் 270 இடிக்கும். இந்த ஒரு வித்தைக்காகவே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் சம்பளக் கணக்கு. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு சேமநிதியில் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவையும் அதே தேதிக்குள். தோட்டத்தில் வேலை செய்த அம்மாவின் பழைய சம்பளச் சீட்டுகளை இப்போது வரிவரியாகப் படித்துக் காட்டுகிறேன். ஒரு காலத்தில் செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டை எழுதும் கிராணியாருக்கு மட்டும் தெரிந்திருந்த கணக்கு அது.

எஸ்கியூஎல், ஆட்டோகவுண்ட் என்ற கணக்கு மென்பொருள்களில் ஒன்றைப் பழகிக்கொண்டால் போதும், கணக்கு புரிந்தவருக்கு மற்றது தானாக வரும்.

இனி குறை. பயிற்சியில் தரும் மாதப்படி குறைவு, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சாது. அதைவிட, பயிற்சிக் கடிதத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, இது சரியில்லை என்று அங்கேயும் சொல்லிவிட்டேன். சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மாதம், யார் சொல்லித் தருவார், முடிந்ததும் சம்பளம் என்ன. 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, வேலைக்கு எடுக்கும்போது அதற்குக் கீழே பேசினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அரசாங்கத்தின் வேலையிடப் பயிற்சித் திட்டமான எஸ்எல்டிஎன்னில் பதிவான இடமா என்றும் விசாரியுங்கள், பதிவாகியிருந்தால் வேலை செய்துகொண்டே திறன் சான்றிதழ் கிடைக்கும். எங்களுடையது பதிவாகவில்லை, அதனால் எல்சிசிஐ என்ற கணக்கியல் சான்றிதழ்த் தேர்வுக்கு மாலையில் தனியாகப் படிக்கிறேன்.

இத்தனையும் வைத்துப் பார்த்தும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். விற்பனை பில்லை இணையம் வழி வரி வாரியத்துக்கு அனுப்பும் மின்-இன்வாய்ஸ் 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிப் படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது, நமக்கும் இது உண்டா என்று கேட்டு சின்ன முதலாளிகள் மாடி ஏறி வருகிறார்கள். அவர்களில் பலருக்குத் தமிழில் பொறுமையாக விளக்க ஆள் வேண்டும். நேரில் கேட்கப் போவதானால் ஜூனில் போகாதீர்கள், வியாபாரிகளின் வருமான வரிக் கணக்கான பாரம் பி அவசரத்தில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. ஜூலை பாதிக்கு மேல் எஸ்பிஎம் முடிவு நகலோடு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.