மரப்பெட்டியா, டப்பாவா: எட்டு மாதம் உறங்கிய சிகார்கள்

ஒரே பெட்டியில் வந்த பத்து சிகார்கள். நிகராகுவாவின் எஸ்தெலியில் சுற்றியவை, ரொபுஸ்தோ அளவு: 5 அங்குல நீளம், முக்கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான பருமன். 2024 ஏப்ரலில் கைக்கு வந்தன. அன்றைக்கே மாமாவும் நானும் ஆளுக்கொன்று பற்றவைத்தோம். மீதி எட்டையும் மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து (இலையில் புகையிலை வண்டின் முட்டை இருந்தால் சாக வேண்டும்; இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் புழுவாகப் பொரிந்துவிடும்), நாலை மாமாவின் மரப்பெட்டியிலும் நாலை என் பிளாஸ்டிக் டப்பாவிலும் போட்டோம். எது நல்லது என்று வாய்ச்சண்டை போட்டு அலுத்துப்போய்ச் செய்த பாகப்பிரிவினை அது.

மாமா சொல்தா. பிரெஞ்சுப் படையில் ஓய்வு பெற்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு கட்டியவர். பெட்டியும் அவரோடு கப்பலேறி வந்ததுதான். உள்பக்கம் முழுக்க ஸ்பானிஷ் சீடர் பலகை. பெயரைப் பார்த்து தேவதாரு என்று நினைக்க வேண்டாம்; வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்து மரம் அது, அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளில் வளர்வது. மூடியைத் திறந்தாலே வாசனை கூடத்துக்கு வரும். என் டப்பா பாத்திரக் கடையில் வாங்கியது. ரப்பர் விளிம்பு, நாலு பக்கமும் கிளிப், உள்ளே 65 சதவீத ஈரப்பை ஒன்று. அழகுப் போட்டி என்றால் நான் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்.

முதல் நாள் புகைத்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மிளகுக் காரம், மூக்கைக் குத்தும் அம்மோனியா, பாதியிலேயே தொண்டைக் கரகரப்பு. புளிக்க வைத்த இலையில் மிச்சமிருக்கும் அம்மோனியா மெதுவாக வெளியேறத்தான் இந்த மாதக்கணக்குக் காத்திருப்பே.

வித்தியாசம் தெரிந்தது ஈரப்பதத்தில். அதை அளக்கும் கருவி பொய் சொல்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்: ஒரு மூடியில் தூள் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, கருவியோடு ஜிப் கவரில் ஒரு நாள் மூடிவைத்தால் 75 காட்ட வேண்டும். மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரனுக்கு உப்பு தண்ணி கோர்ப்பதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன. சிகாருக்கு 65 முதல் 70 வரை போதும். மரப்பெட்டியோடு வந்த பஞ்சுக்கு ஈரத்தைக் கொடுக்கத்தான் தெரியும், திருப்பி வாங்கத் தெரியாது. குளிர்நாட்டில் அடுப்பு எரியும் வறண்ட வீட்டுக்கு அது சரி. நம் கடற்கரையில் வெளிக்காற்றே அதைவிட ஈரம். என் டப்பாவில் இருந்த ஈரப்பையோ உப்புக் கரைசலால் ஆனது. குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும்.

ஜூலையிலேயே மாமாவின் பஞ்சை எடுத்துவிட்டோம். அப்படியும் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, தெருவெல்லாம் தண்ணீர் நின்று, கரண்டும் போன பிறகு பார்த்தால் மரப்பெட்டியில் 78. மரம் ஊறி மூடி சரியாக உட்காரவில்லை. டப்பாவில் 66. அன்றைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன்.

டிசம்பரில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், மொட்டை மாடியில் ஒன்றொன்றாக ருசி பார்த்தோம். ஒரே நாளில் இரண்டு புகைத்தால் இரண்டாவதன் ருசி நாக்கில் ஏறாது, தலையில்தான் ஏறும். முதல் வாரம் டப்பா சிகார். இழுவை லேசாக இருந்தது, சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. அம்மோனியா இல்லை. காரம் சுக்கு அளவுக்கு இறங்கி, அடியில் வறுத்த கடலையும் கெட்டி டிகாக்ஷனும் தெரிந்தன. ஆனால் வாசனையில் ஒரு தட்டை. நன்றாகப் படித்த, பேசத் தெரியாத பையன் மாதிரி. அடுத்த வாரம் மரப்பெட்டி சிகார். பற்றவைக்கும் முன்பே மூக்கில் சீடர் வாசனை, அருமை. பற்றவைத்த பிறகுதான் கஷ்டம். கன்னம் ஒட்ட இழுக்க வேண்டியிருந்தது, ஒரு பக்கமாகவே எரிந்தது, மூன்று தடவை அணைந்தது. பின்பாதியில் புளிப்பு.

அதோடு விட்டிருந்தால் ஜெயித்தது நான். மனசு கேட்காமல், மரப்பெட்டியின் மிச்சம் மூன்றையும் என் டப்பாவுக்கு மாற்றி, மூன்று வாரம் விட்டு ஜனவரியில் ஒன்றை எடுத்தேன். அதிக ஈரம் இறங்கியிருந்தது, சீடர் வாசனை போகவில்லை. கடலைக்கு மேல் கருப்பட்டி மாதிரி ஓர் இனிப்பு கடைசி வரை கூடவே வந்தது. பத்தில் இதுவரை புகைத்ததில் அதுதான் முதலிடம், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இப்போது மாமாவின் பெட்டியிலிருந்து இரண்டு பலகையைக் கழற்றி என் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு இதில் வருத்தம்தான். “பெட்டி மேல குத்தமில்ல மாப்ள, ஊருதான் ஈரம்” என்றார். அப்புறம் எழுந்து போய், டப்பாவின் நாலு கிளிப்பும் சரியாக விழுந்திருக்கிறதா என்று அவரே அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார்.