பிரவுசரிலேயே வெப்சைட் டிசைன்: டெஸ்க்டாப் மென்பொருள் இன்னும் வேண்டுமா?

வெப்சைட் செய்யும் டெஸ்க்டாப் மென்பொருளான ட்ரீம்வீவரில் ரொம்ப நாள் வேலை செய்தவன் நான். 1997-இல் மேக்ரோமீடியா கொண்டுவந்தது, அப்புறம் அடோபி கைக்குப் போனது. இப்போது பெரும்பாலும் பிரவுசரிலேயே டிசைன் செய்யும் ஃபிக்மாதான். லிங்க்கை அனுப்பினால் போதும், வாடிக்கையாளர் பிரவுசரில் திறந்து "இது கொஞ்சம் கீழே வரட்டும்" என்று அந்தப் பட்டன் மேலேயே குறிப்பு போட்டுவிடுகிறார். முன்பெல்லாம் 'ஹோம் ஃபைனல் 3' என்று பெயர் வைத்து மெயிலில் அனுப்பி, யார் எதைத் திருத்தினார்கள் என்று தேடியே பாதி நாள் போய்விடும். ஸ்கெட்ச் நல்ல மென்பொருள்தான், ஆனால் டிசைன் செய்ய மேக் வேண்டும், டீமில் ஒருவர் விண்டோஸ் வைத்திருந்தாலே சிக்கல்.

சரி, டிசைன் வேறு, தளத்தையே பிரவுசரில் கட்டித் தரும் பில்டர்கள் வேறு. அப்படி ஒன்றில் மூன்று வாரம் உட்கார்ந்து கட்டிய தளத்தை வேறு சர்வருக்கு மாற்றப் போனபோதுதான் தெரிந்தது, பக்கங்களை எச்டிஎம்எல்லாக, அதாவது அவற்றின் கோடாக, வெளியே எடுக்க வழியே இல்லை. எழுத்தை மட்டும் காப்பி செய்துகொண்டு மற்றதையெல்லாம் முதலிலிருந்து செய்தேன், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. டெஸ்க்டாப்பில் எழுதிய எச்டிஎம்எல், பக்கத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் எல்லாம் நம் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும், சந்தா நின்றாலும் அந்த ஃபோல்டரை எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம், நெட் போனாலும் வேலை நிற்காது.

அதனால் டிசைனுக்கு ஃபிக்மா, கோடிங்குக்கு விஎஸ் கோடு என்ற டெஸ்க்டாப் எடிட்டர் என்று பிரித்துக்கொண்டேன். பில்டர் வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே ஒரு வெற்றுப் பக்கத்தைச் செய்து, எக்ஸ்போர்ட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.