ஜாப் கார்டுல ஏறாத கம்ப்ளெயிண்ட் கணக்குலயே வராது: புது கார் வாரண்டில நான் பட்ட பாடு

புது கார் வாங்கி வாரண்டில ஓட்டிட்டு இருக்கவங்க, அட்வான்ஸ் கட்டிட்டு டெலிவரிக்கு காத்திருக்கவங்க எல்லாரும் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க. கம்பெனி பேரு, டீலர் பேரு எதுவும் போடல, கேஸ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல நடந்துட்டு இருக்கு, பேர் எங்கயும் எழுதக் கூடாதுன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டார். எங்க வண்டில நடந்தது வேற எந்த கம்பெனி வண்டிலயும் நடக்கலாம், அதனால பேர் இல்லாட்டியும் இது உங்களுக்கு உதவும்.

வண்டி சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் வச்ச எஸ்.யூ.வி, ஆன்ரோடு 14 லட்சத்துக்கு மேல வந்துச்சு. 3 வருஷம் இல்லன்னா 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. எங்க ஊரு கோயம்புத்தூர். அப்பா ரிட்டயர்மெண்ட் பணத்துல ஒரு பங்கு குடுத்தாரு, மீதி பேங்க் லோன். புதுசா வாங்குறதே பத்து வருஷத்துக்கு மெக்கானிக் ஷாப் பக்கம் போக வேண்டாம்னுதான்.

பிரச்சனை என்னன்னா இன்ஜின் ஆயில் குறையுது. எங்கயும் லீக் கிடையாது, பார்க் பண்ற இடத்துல ஒரு சொட்டு கறை இல்ல, ஆனா ஆயில் காணாம போகுது. எங்களுக்கு இது தெரிஞ்சதே கோத்தகிரில இருந்து இறங்கும்போதுதான். ரெண்டாவது கியர்ல இன்ஜின் பிரேக்கிங்ல இறங்கி வந்து, சமவெளி வந்ததும் ஆக்ஸிலேட்டர் மிதிச்சேன், பின்னாடி அவன் வண்டில வந்த என் மாப்ள (வீட்டுக்காரம்மாவோட தம்பி) உடனே ஃபோன் பண்ணி "மாமா, உங்க வண்டில நீலப் புகை கொத்தா வந்துச்சுங்க, ஓரம் கட்டுங்க"ன்னான். இறக்கத்துல ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காம வரும்போது இன்ஜினுக்குள்ள வேக்குவம் அதிகமாகும், ஆயில் மேல ஏறாம தடுக்குற பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ சரியில்லைன்னா அந்த நேரத்துல ஆயில் எரியிற அறைக்குள்ள இழுத்துடும், திரும்ப மிதிச்சதும் எரிஞ்சு நீலமா வரும். மேட்டுப்பாளையம் பங்க்ல சமதளமா நிறுத்தி, இன்ஜின் ஆறினதும் ஆயில் கேஜ் கம்பிய உருவி துடைச்சு மறுபடி விட்டு எடுத்தா நுனில மட்டும் லேசா ஈரம். கீழ் கோட்டுக்கும் கீழ. முதல் ஆயில் மாத்துற சர்வீஸுக்கே இன்னும் நிறைய ஓட வேண்டியிருந்துச்சு.

டேஷ்போர்டுல எந்த லைட்டும் எரியல. பெரும்பாலான வண்டில அந்த ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் பிரஷருக்குத்தான், லெவலுக்கு கிடையாது. அது எரியிறப்போ இன்ஜின் ஏற்கனவே சேதம் ஆக ஆரம்பிச்சிருக்கலாம். லைட் வரலியே நல்லாத்தான் இருக்குன்னு நம்பி ஓட்டாதீங்க.

சர்வீஸ் சென்டருக்கு போனா அட்வைசர் சிரிச்ச முகமா "புது இன்ஜின் சார், ரிங் செட் ஆகுற வரைக்கும் கொஞ்சம் எடுக்கும்"னு சொல்லி அரை லிட்டர் ஊத்தி விட்டார், காசு வேண்டாம்னுட்டார். ஜாப் கார்டு (என்ன புகார், என்ன வேலைன்னு சர்வீஸ் சென்டர் பதிவு பண்ற சீட்டு) போடுங்கன்னு கேட்டா "ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்கு சார் ஜாப் கார்டு, உங்களுக்குத்தான் வெயிட்டிங்"னார். கேக்குறதுக்கு ரொம்ப நல்ல மனுஷன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் இதேதான், ஃப்ரீயா ஊத்துறது, கார்டு போடாதது. கடைசில விவகாரம் பெருசானப்போ கம்பெனி ஈமெயில்ல என்ன வந்துச்சு தெரியுமா, "எங்க சிஸ்டம்ல உங்க வண்டிக்கு ஆயில் சம்பந்தமா எந்த புகாரும் பதிவாகல"ன்னு. இதைத்தான் எல்லாருக்கும் கத்தி சொல்லணும்னு இருக்கு. வாரண்டிங்கிறது பூரா பேப்பர்ல நடக்குற விஷயம். ஜாப் கார்டு நம்பர் இல்லாம உங்க வண்டி பானட்டை யாரும் தூக்க விடாதீங்க, ஃப்ரீயா பண்ணினாலும் சரி.

கார்டு போட்டாலும் அதுல என்ன டைப் பண்றாங்கன்னு பாக்கணும். கஸ்டமர் சொன்ன கம்ப்ளெயிண்ட்னு ஒரு பகுதி இருக்கும். நான் நின்னு சொன்னது "ஆயில் குறையுது, நீலப் புகை வருது". அவங்க டைப் பண்ணினது "ஜெனரல் செக்கப்". திருத்தச் சொன்னா சிஸ்டம்ல அந்த ஆப்ஷன் இல்லைங்கிறாங்க. நான் பிரிண்ட் அவுட்ல பேனாவால எழுதி, கிலோமீட்டர் ரீடிங் போட்டு, அட்வைசர் கையெழுத்து வாங்கி அங்கயே போட்டோ எடுத்து, அதே நிமிஷம் டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் ஈமெயில் அனுப்பினேன். இன்னைக்கு கேஸ்ல நிக்கிறது அந்த பேனா எழுத்துதான்.

அடுத்து ஊத்துன ஆயிலுக்கு பில் போட ஆரம்பிச்சாங்க. வாரண்டி புக்லெட்ல ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு எல்லாம் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாதுன்னு இருக்கும். இன்ஜின் ரிப்பேர்னால ஆயில் போகுது, போன ஆயில் தேய்மானக் கணக்குல நம்ம தலையில. ஆனா அந்த பில்லை சண்டை போட்டு கிழிச்சிடாதீங்க, பத்திரமா வைங்க. தேதி, கிலோமீட்டர், எவ்வளவு ஆயில்னு கம்பெனி லெட்டர்ஹெட்லயே ஆதாரம் கிடைக்குது.

இப்போ ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் கதை. இது முறையா எப்படி பண்ணணும்னா, புது ஆயில், புது ஃபில்டர் போட்டு மேல் கோடு வரைக்கும் அளந்து ஊத்தி, ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட், ஆயில் மூடி, கேஜ் கம்பி எல்லாத்துக்கும் சீல் வச்சு, வண்டிய ஓனர்கிட்ட குடுத்து 1,000 கிலோமீட்டர் ஓட்டச் சொல்லி, திரும்ப வந்ததும் ஓனர் முன்னாடி சீல் உடைச்சு பாக்கணும். அவங்க என்ன பண்ணினாங்க? வண்டிய விட்டுட்டு போங்க சார் நாங்களே ஓட்டிப் பாக்குறோம்னாங்க. திரும்ப வாங்கப் போனா ஓடோமீட்டர்ல 40 கிலோமீட்டர் கூட ஏறல, ரிப்போர்ட்ல "கன்சம்ப்ஷன் லிமிட்டுக்குள்ள இருக்கு"ன்னு ஒரே வரி. சீல் எங்கேன்னா பதில் இல்ல. லிமிட் எவ்வளவுன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன், அதுவும் குடுக்கல, வாய்லதான் சொன்னாங்க, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் நார்மலாம்.

சில கம்பெனி ஓனர்ஸ் மேனுவல்லயே அப்படி அச்சடிச்சிருக்கு, அது உண்மைதான். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. இந்த மாதிரி இன்ஜின்ல மொத்தமே நாலு லிட்டர் சுமாருக்குத்தான் ஆயில் நிக்கும், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை சர்வீஸுக்கு வான்னு அவங்களே சொல்றாங்க, அந்த லிமிட்டை ஒத்துக்கிட்டா ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல 10 லிட்டர் எரியலாம், அதாவது இன்ஜின்ல நிக்கிற ஆயில் மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல. விக்கும்போது எந்த சேல்ஸ்மேனாவது இதை சொல்லியிருக்காரா? எங்க வண்டி 700 கிலோமீட்டர் ஓடுறதுக்குள்ள மேல் கோட்டுல இருந்து கீழ் கோட்டுக்கு வந்துச்சு, அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அவங்க வாயில சொன்ன லிமிட்டையே தாண்டியாச்சு.

காரணம் வேற வேற சொல்லிட்டே இருந்தாங்க. முதல்ல ரிங் செட் ஆகல, அப்புறம் உங்க டிரைவிங் ஸ்டைல், அப்புறம் சிட்டி டிராஃபிக், அப்புறம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்பக்கம் இ20ன்னு (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாம்னு அர்த்தம்) கம்பெனியே ஸ்டிக்கர் ஒட்டி வித்த வண்டி அது. கஸ்டமர் கேர்ல டிக்கெட் போட்டா "டீலர் தீர்த்து வச்சதா தகவல் வந்திருக்கு"ன்னு அவங்களே மூடிடுவாங்க, ஒவ்வொரு தடவையும் "தீரல, மறுபடி திறங்க"ன்னு பதில் மெயில் போடணும், அலுப்பா இருந்தாலும் போடணும்.

நடுவுல உக்கடம் பக்கம் எங்க பழைய வண்டிய பாத்த மெக்கானிக் அண்ணாகிட்ட காட்டினேன். அவரு சைலன்சர் குழாய்க்குள்ள விரலை விட்டு தேச்சு எடுத்து காமிச்சாரு, சாதாரணமா பெட்ரோல் வண்டில பவுடர் மாதிரி காஞ்ச கரி வரும், இதுல கிரீஸ் மாதிரி வழவழன்னு ஒட்டுச்சு, துணியில துடைச்சாலும் விரல்ல நெடி போகல. பிளக் கழட்டிப் பாக்கலாமாண்ணான்னு கேட்டேன். "வேண்டாந் தம்பி, நான் ஸ்பேனர் வெச்சேன்னு தெரிஞ்சா அவனுக்கு ஒரு காரணம் கெடச்சுருங்க, எதையும் கழட்ட விடாதீங்க"ன்னு சொல்லிட்டாரு. எனக்கு கிடைச்சதுலயே நல்ல அட்வைஸ் அதுதான். வாரண்டி வண்டிய வெளியில ஒரு போல்ட் கூட திருக விடாதீங்க. ஆயில் டாப் அப் கூட மேனுவல்ல சொன்ன அதே கிரேடு, பில்லோட.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் ஏரியா சர்வீஸ் மேனேஜர்னு ஒருத்தர் வந்தாரு. இன்ஜினை இறக்கி ரிங் மாத்தி தர்றோம்னாரு. ஃபேக்டரில மெஷின்ல பூட்டுன புது இன்ஜினை சர்வீஸ் சென்டர் தரையில பிரிச்சு பூட்ட நான் ஒத்துக்கல, ஹாஃப் இன்ஜின் அசெம்ப்ளி (பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்த்து பூட்டின இன்ஜினோட கீழ்ப் பாதி) புதுசா குடுங்கன்னேன். இழுத்தடிச்சு கடைசில சரின்னாங்க, ஆனா கூடவே ஒரு பேப்பர். "முழு திருப்தி, எதிர்காலத்துல எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு. அப்புறம் அதே கோளாறு மறுபடி வந்தா நான் எங்க போறது? கையெழுத்து போடல, அதனால இன்ஜினும் மாறல. உடனே ஒரு மெயில், வண்டிய எடுத்துட்டு போகலைன்னா நாளுக்கு இவ்வளவுன்னு பார்க்கிங் சார்ஜ் வருமாம். எடுத்தேன், ஆனா கேட் பாஸ்லயும் ஜாப் கார்டுலயும் "கோளாறு சரி செய்யப்படவில்லை, ஆட்சேபணையுடன் பெறுகிறேன்"னு எழுதித்தான் கையெழுத்து போட்டேன். நீங்களும் இந்த வார்த்தையை அப்படியே எழுதுங்க, தமிழ்லயே எழுதலாம்.

கேஸ் போடுறது பெரிய செலவுன்னு பயப்படுறாங்க நிறைய பேர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்துலயே போடலாம், 10 லட்சத்துல இருந்து 20 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் வெறும் 400 ரூபா. வண்டி எந்த ஊர்ல வாங்கியிருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். பிரச்சனை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டாகணும், சர்வீஸ் சென்டர்காரங்க "பாக்குறோம் சார்"னு இழுக்குறதுல அந்த கெடுவும் ஓடிட்டே இருக்குங்கிறத மறந்துடாதீங்க. அதுக்கு முன்னாடி 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணி வைங்க, எங்களுக்கு அங்க தீரல, ஆனா தேதியோட ஒரு ஆதாரம் ஆச்சு.

டீலர், கம்பெனி ரெண்டு பேரையும் எதிர்மனுதாரரா சேருங்க. கோவாவுல ஒருத்தருக்கு 2009ல தயாரான காரை 2011 மாடல்னு டீலர் வித்த வழக்குல, டீலர் செஞ்சதுக்கு கம்பெனி பொறுப்பில்லன்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஒருத்தரை விட்டா இன்னொருத்தர் அவரைக் கை காட்டிட்டு தப்பிச்சுடுவாரு.

இன்னொன்னும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. அமெரிக்க மாநிலங்கள்ல லெமன் லான்னு இருக்கு, புது கார்ல ஒரே பெரிய கோளாறை குறிப்பிட்ட முயற்சிக்குள்ள சரி பண்ண முடியலைன்னா வண்டிய மாத்தணும் இல்ல பணம் திருப்பணும். நம்ம நாட்டுல கார்களுக்குன்னு அப்படி தனி சட்டம் இல்ல. 2006ல ஒரு வழக்குல வாரண்டின்னா கோளாறான பாகத்தை மாத்துறதுதான், முழு காரை இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கம்பெனி வக்கீல்கள் முதல்ல நீட்டுறது அதைத்தான். ஆனா 2010ல இன்னொரு கார் வழக்குல, இன்ஜின் சத்தம்தான் அங்கயும் பிரச்சனை, சுயேச்சையான நிபுணர் இது தயாரிப்புக் கோளாறுன்னு சொன்னா வண்டி விலையை வட்டியோட திருப்பித் தரணும்னு அதே கோர்ட் சொல்லிச்சு. ஆக மொத்த கேஸும் நிபுணர் ரிப்போர்ட்லதான் நிக்குது. நிபுணரை நியமிக்கச் சொல்லி நீங்கதான் மனு போடணும், அவரோட ஃபீஸையும் முன்னாடியே கட்டச் சொல்லலாம்.

இன்ஜின் மாத்தி குடுத்து உங்களுக்கு சம்மதம்னாலும் அவசரப்பட்டு வண்டிய எடுத்துடாதீங்க. இன்ஜின் நம்பர் பிளாக்லதான் அடிச்சிருக்கும், அது மாறினா ஆர்.சி.லயும் இன்சூரன்ஸ்லயும் மாத்தணும், லோன் இருந்தா பேங்குக்கும் தெரிவிக்கணும். அதுக்கான லெட்டரை டீலர்கிட்ட முதல்லயே வாங்கிடுங்க, இல்லன்னா நாளைக்கு ஆக்சிடெண்ட் கிளெய்ம்ல இன்ஜின் நம்பர் பொருந்தலன்னு இன்னொரு தலைவலி.

எங்க கேஸ்ல ஆட்டோமொபைல் டிபார்ட்மெண்ட் இருக்குற ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியரை ஆணையம் நியமிச்சிருக்கு. இந்த தடவை சீல் வச்சு, போட்டோ எடுத்து, ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்டு டெஸ்ட் நடக்குது. இதுக்கு நடுவுல டீலர் பக்கம் இருந்து ஃபோன், எக்ஸ்டெண்டட் வாரண்டி ஃப்ரீயா தர்றோம், கேஸை வாபஸ் வாங்கிக்கோங்கன்னு. அப்பாகிட்ட கேட்டேன், ரிப்போர்ட் வரட்டும்னுட்டார். எனக்கும் அதேதான், சொல்ல வேண்டியதை ஈமெயில்ல அனுப்புங்கன்னு சொல்லி வச்சிட்டேன், இதுவரைக்கும் அனுப்பல.